யுஎஸ்பி கருவிகளின் இணைப்பு வேகத்தைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவது: முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடை. இரவு ஒன்பது மணிக்கு மேல் பில்லிங் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி பேக்கப் ஓட விடுவார்கள். அது ஓடத் தொடங்கியதும் ஒயர் இல்லாத பார்கோடு ஸ்கேனர் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். நாலு துணியைக் காட்டினால் இரண்டுதான் பில்லில் ஏறும். ஸ்கேனரை இரண்டு முறை மாற்றியும் தீரவில்லை. ஸ்கேனரின் டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரிசீவர்) இருந்த போர்ட்டுக்குப் பக்கத்துப் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தொல்லை அங்கிருந்துதான் வந்தது. அந்த ஒரு கருவியை மட்டும் 480 மெகாபிட்டுக்கு இறக்கினோம், மற்றதை எல்லாம் அப்படியே விட்டோம். அன்றைக்கே சரியாகிவிட்டது.

ஒரு கருவியின் வேகத்தை மட்டும் இறக்குவதும், ஏற வேண்டியது ஏறாமல் நின்றால் ஏற்றுவதும்தான் இங்கே விஷயம். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். வேகத்தைப் பார்க்காமலே கேபிளை மாற்றி, பயாஸை (மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) மாற்றி, கடைசியில் எதனால் சரியானது என்றே தெரியாமல் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

1. வேகம் எங்கே முடிவாகிறது

எங்கோ ஓர் இடத்தில் எண்ணை மாற்றினால் வேகம் மாறிவிடும் என்று நினைத்துத் தொடங்குவதுதான் முதல் தவறு. எங்கள் கடையில் வேலை பழகும் தம்பி லினக்ஸில் 'ஸ்பீட்' என்ற ஃபைலைக் கண்டுபிடித்தார். உள்ளே 480 என்று இருந்தது. அதை 12 ஆக்க அரை மணி நேரம் போராடிவிட்டு, "அண்ணே, ரூட்டா போனாலும் எழுத விடலண்ணே" என்று வந்தார். "அது மீட்டர்தான் தம்பி, ஆக்சிலரேட்டர் இல்ல" என்றேன். அந்த ஃபைலைப் படிக்க மட்டும்தான் முடியும்.

வேகத்தை முடிவு செய்வது கருவியும் போர்ட்டும்தான். செருகிய கணத்திலேயே, டிரைவர் வருவதற்கு முன்பே, ஒயர் வழியாக இரண்டும் பேசி முடித்துவிடும். யுஎஸ்பியில் தகவல் போக டி பிளஸ், டி மைனஸ் என்று இரண்டு ஒயர் உண்டு. கருவிக்குள் 1.5 கிலோஓம் மின்தடை ஒன்று இருக்கும். அது டி மைனஸ் ஒயரை மேலே இழுத்தால் 1.5 மெகாபிட் கருவி, டி பிளஸ் ஒயரை இழுத்தால் 12 மெகாபிட் கருவி என்று போர்ட் புரிந்துகொள்ளும். 480 மெகாபிட் கருவியும் முதலில் 12 மெகாபிட் கருவியாகத்தான் அறிமுகமாகும். போர்ட் அதை ரீசெட் செய்யும்போது இரண்டும் ஒரு சிறப்பு சைகையைப் பரிமாறிக்கொள்ளும். பதில் சைகை வந்தால் 480, வராவிட்டால் 12லேயே நின்றுவிடும்.

யுஎஸ்பி 3 வந்தபோது இந்த இரண்டு ஒயர்களை அப்படியே விட்டுவிட்டு, 5 ஜிகாபிட்டுக்கும் அதற்கு மேலும் தனி ஒயர்களைச் சேர்த்தார்கள். அந்தத் தனி ஒயர்கள் கிடைக்காவிட்டால் கருவி பழைய இரண்டு ஒயர்களுக்கு இறங்கி வந்து 480இல் பேசும்.

ஆக, 480ஐ 200 ஆக்க முடியாது. மெகாபிட் கணக்கில் 1.5, 12, 480, 5000 (அதாவது 5 ஜிகாபிட்), 10000, அதற்கு மேல் 20000 என்று படிகள் மட்டும்தான் உண்டு. நம்மால் செய்ய முடிந்தது, மேல்படிக்குப் போகும் கதவை மூடுவது. மூடினால் கருவி தானாகவே கீழ்ப்படியில் வந்து நிற்கும். கீழே சொல்லும் முறைகள் எல்லாம் இந்த ஒரு கதவை வெவ்வேறு இடத்தில் மூடுவதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய காப்பி ஓடும்போது மற்ற வேலை திணறுகிறது என்பது மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் இணைப்பு வேகத்தைத் தொட வேண்டாம். லினக்ஸில் ஆர்சிங்க் போன்ற காப்பி மென்பொருளில் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. அது போதும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு மீட்டருக்கு மேல் போகாத யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று. ஆன்ட்ராய்டு போன்கள் முன்பு பயன்படுத்திய மைக்ரோ கேபிள் ஒன்று. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள் ஆகாது, டேட்டா போக வேண்டும். அதைப் போனில் செருகிப் பார்த்து, ஃபைல் தெரிகிறதா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். உண்மையிலேயே 5 ஜிகாபிட் ஓடுகிற பென் டிரைவ் ஒன்று, போர்ட்டைச் சோதிக்க. சின்னச் சின்ன ஸ்டிக்கர்களும் பேனாவும்.

பயாஸைத் தொடப் போகிறீர்கள் என்றால் பழைய உருண்டைப் பின் கீபோர்டு ஒன்றும் வேண்டும். பிஎஸ்2 கீபோர்டு என்று கேட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எதற்கு என்பது 8ஆம் படியில் வரும்.

ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எதையும் 'ரிமூவ்' கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இந்த வேலையில் ஒரே கருவியைப் பத்துப் பதினைந்து முறை கழற்றி மாட்டுவோம். அவசரத்தில் ஒரு முறை அப்படியே பிடுங்கினாலும் உள்ளே இருப்பது கெட்டுப்போகலாம். வாடிக்கையாளரின் டிஸ்க் என்றால் முதலில் அதற்கு ஒரு பேக்கப்.

3. இப்போது என்ன வேகம் என்று பாருங்கள்

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, எல்எஸ்யுஎஸ்பி கட்டளையைச் சிறிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு சிறிய டி (t) எழுத்தைச் சேர்த்துக் கொடுங்கள் (lsusb -t). எல்லாக் கருவிகளும் மரக்கிளை போல வரும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 1.5, 12, 480, 5000, 10000 என்று மெகாபிட் கணக்கில் வேகம் இருக்கும். எது எந்த ஹப்புக்கு (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி) கீழே இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் வேகத்தைக் காட்டாது. மைக்ரோசாஃப்ட் தரும் யுஎஸ்பிவியூவையோ, யுஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவரையோ இறக்கிக்கொள்ளுங்கள். கருவியின் மேல் கிளிக் செய்தால், அது எந்த வேகம் வரை போகக்கூடியது, இப்போது எதில் ஓடுகிறது என்ற இரண்டும் தனித்தனியாக வரும். இரண்டாவதைத்தான் நாம் பார்க்க வேண்டும். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குள் யுஎஸ்பி பகுதிக்குப் போனால் போதும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். 'யுஎஸ்பி 2.0' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலோ, அதே எண் மென்பொருளில் தெரிந்தாலோ, 480 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கருவி எந்த விதிமுறைப்படி எழுதப்பட்டது என்று மட்டும் சொல்கிறது. யுஎஸ்பி 2.0 என்று போட்டிருக்கும் பில் பிரிண்டர்களும் பார்கோடு ஸ்கேனர்களும் பெரும்பாலும் 12இல்தான் ஓடுகின்றன. அவற்றின் வேலைக்கு அது தாராளம். அதைக் கோளாறு என்று எண்ணி கேபிள் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒவ்வொரு கருவிக்கும் எதிரே இப்போதைய வேகத்தைத் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இது ஒன்றுதான் துணை.

4. போர்ட்டுகளுக்கு வரைபடம் போடுங்கள்

நீல நிறம் என்றால் யுஎஸ்பி 3, கறுப்பு என்றால் 2 என்பது வழக்கம்தான், விதி இல்லை. கறுப்பு நிறத்திலேயே 5 ஜிகாபிட் தரும் லேப்டாப்புகள் இருக்கின்றன. நிறத்தை நம்பாமல் சோதனை பென் டிரைவை ஒவ்வொரு போர்ட்டிலும் செருகி, 3ஆம் படியில் சொன்னபடி வேகத்தையும், அதே பட்டியலில் வரும் போர்ட் எண்ணையும் பார்த்து எழுதுங்கள்.

யுஎஸ்பி 3 போர்ட் ஒன்று வெளியே ஒரே ஓட்டையாகத் தெரிந்தாலும், கம்ப்யூட்டரின் கணக்கில் அது இரண்டு போர்ட். 480க்கான வரிசையில் ஓர் எண், 5000க்கான வரிசையில் இன்னோர் எண். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே ஓட்டை அங்கே 5, இங்கே 1 என்று இருக்கும். அதனால் ஒவ்வொரு போர்ட்டையும் இரண்டு முறை சோதிக்க வேண்டும்: பென் டிரைவை நேராகச் செருகி ஒரு தடவை, யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் வழியாக ஒரு தடவை. இரண்டு எண்ணையும் ஸ்டிக்கரில் எழுதி போர்ட்டுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். 9ஆம் படிக்கு இது இல்லாமல் போகவே முடியாது.

பென் டிரைவைச் செருகும்போது ஒரே அழுத்தில் முழுவதும் உள்ளே தள்ளுங்கள். பிளக்கின் முன்பக்கம் பழைய நான்கு பட்டைகள் இருக்கின்றன. புதிய ஐந்தும் உள்ளே ஆழத்தில் இருக்கின்றன. மெதுவாகச் செருகினால் பழையவை முதலில் தொட்டு, கருவி 480இலேயே பேசி முடித்துவிடும். 'இந்த போர்ட் யுஎஸ்பி 2தான்' என்று தாளில் தப்பாக ஏறிவிடும். சந்தேகம் வந்தால் கழற்றி, வேகமாகச் செருகி மறுபடி பாருங்கள்.

5. இறக்கத்தான் வேண்டுமா?

எல்லாக் கோளாறுக்கும் வேகத்தை இறக்குவது மருந்தில்லை. நான் இறக்குவது மூன்று காரணங்களுக்காக மட்டும்.

ஒன்று, ரேடியோ தொல்லை. 5 ஜிகாபிட்டில் ஓடும் இணைப்பிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும். ஒயர் இல்லாத மவுஸ், கீபோர்டு, ஸ்கேனர் டாங்கிள்கள் எல்லாம் அங்கேதான் பேசுகின்றன. இன்டெல் 2012இலேயே இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. ஆனால் இதற்கும் முதல் வைத்தியம் டாங்கிளை எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தள்ளி வைப்பது. எம்.சி. ரோடு கடையில் மேஜை கண்ணாடி ஷோகேஸோடு ஒட்டி இருந்தது, கேபிள் இழுக்க வழியே இல்லை. அதனால்தான் டிஸ்க்கை இறக்கினேன்.

இரண்டு, இணைப்பு நடுவில் அறுவது. ராயபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றும்போது பாதியில் டிஸ்க் காணாமல் போய்த் திரும்பி வரும். 480க்கு இறக்கினோம், விடியும் வரை ஒரு தடவையும் அறுபடவில்லை. வேக ஒயர்கள் சின்னக் குறைக்கும் இடம் கொடுக்காது. தளர்ந்த பிளக், மட்டமான கேபிள், துருப்பிடித்த முனை எதுவாக இருந்தாலும் 5 ஜிகாபிட்டில்தான் முதலில் காட்டும். ஆனால் இது தற்காலிக ஏற்பாடு. மறுநாள் நல்ல கேபிள் வாங்கிப் போட்டு வேகத்தைத் திரும்ப ஏற்றிவிட்டோம்.

மூன்று, அதிக வேகத்தில் ஒழுங்காகப் பேசத் தெரியாத பழைய அளவீட்டுக் கருவிகள், ஆடியோ பெட்டிகள்.

'மெதுவான கருவி பக்கத்தில் இருந்தால் வேகமான கருவியையும் இழுத்துவிடும், அதனால் பிரித்து வைக்க வேண்டும்' என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. யுஎஸ்பி 3 ஹப் என்பது ஒரே பெட்டிக்குள் இரண்டு ஹப். 5 ஜிகாபிட் டிஸ்க் ஒன்றின் வழியாகப் போகும், 12 மெகாபிட் ஸ்கேனர் இன்னொன்றின் வழியாகப் போகும். ஒன்றை ஒன்று இழுக்காது. 480 பக்கத்துக்குள்ளேயே நெரிசல் வருவது வேறு விஷயம். ஒரே ஹப்பில் இரண்டு வெப்கேமைப் போட்டால் ஒன்று ஓடாமல் போவது அதனால்தான். சுருக்காத படத்தை 640க்கு 480 அளவில், நொடிக்கு 30 முறை அனுப்பும் கேமரா நொடிக்கு சுமார் 18 மெகாபைட் கேட்கும். இரண்டுக்கு அந்த ஒயரில் இடம் போதாது. ஹப்பை யுஎஸ்பி 3க்கு மாற்றியும் பலனில்லை, கேமராக்கள் அதன் 480 பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை மெஷினின் வேறு போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

6. கேபிளால் 480க்கு இறக்குவது

முதலில் செய்ய வேண்டியது இதுதான். பத்தில் எட்டு வேலை இதிலேயே முடியும். மென்பொருள் வேண்டாம், ரீபூட் ஆனாலும் மாறாது, எந்தக் கருவிக்கு வேண்டுமோ அதற்கு மட்டும் பொருந்தும், பிடிக்காவிட்டால் ஒரு நொடியில் பழையபடி ஆக்கிவிடலாம்.

பென் டிரைவ் போல நேராகச் செருகும் கருவி என்றால் நடுவில் யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். அதற்குள் வேக ஒயர்களே இல்லை. கருவி வேறு வழியின்றி 480க்கு வரும்.

வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் நேர்த்தியான வழி இருக்கிறது. டிஸ்க்கின் பக்கவாட்டில் இருக்கும் அகலமான ஓட்டையை உற்றுப் பாருங்கள், நடுவில் இடுப்பு போல ஒடுங்கி இரண்டு துண்டாக இருக்கும். அதில் பெரிய துண்டு, பழைய போன்களில் இருந்த அதே மைக்ரோ ஓட்டைதான். சின்னத் துண்டில்தான் வேக முனைகள். எனவே பழைய மைக்ரோ டேட்டா கேபிளைப் பெரிய துண்டில் மட்டும் செருகினால் டிஸ்க் 480இல் ஓடும். எம்.சி. ரோடு கடையில் செய்தது இதுவே. கேபிள் போன் டப்பாவிலிருந்து வந்தது, செலவே இல்லை. சரியான பக்கம் பார்த்துச் செருகுங்கள், தலைகீழாக அழுத்தினால் உள்ளே இருக்கும் நாக்கு உடையும்.

இரண்டு பக்கமும் சி பிளக் இருக்கும் கருவிக்கு, போனோடு வந்த சாதாரண சி கேபிளே பெரும்பாலும் போதும். சி வடிவம் இருந்தால் வேகம் இருக்கும் என்று அர்த்தமில்லை. சார்ஜுக்காகத் தரும் கேபிள்களில் பல, 480க்கான ஒயர்களோடு நின்றுவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது மின்சாரம். யுஎஸ்பி 3 விதிப்படி கருவி 900 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம், யுஎஸ்பி 2இல் 500தான். மெல்லிய, நீளமான கேபிளில் வோல்ட்டும் இறங்கும். டிஸ்க் 'டிக், டிக்' என்று சத்தம் போட்டுச் சுற்றாமல் நின்றால் உடனே கழற்றுங்கள். குட்டையான, தடித்த கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அப்படித்தான் என்றால் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி 2 ஹப்பை நடுவில் போடுங்கள். எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து மொத்த நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது.

பிளக்குக்குள் டேப் ஒட்டி ஐந்து முனைகளை மறைக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். நான் செய்வதில்லை, செய்யவும் விடுவதில்லை. இங்குள்ள வெக்கையில் பசை இளகி, டேப் போர்ட்டுக்குள் சுருண்டுகொள்ளும். ஒரு லேப்டாப்பில் அதை ஊசியால் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

வேகம் குறைந்தால் எவ்வளவு நேரம் கூடும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 480இல் கைக்குக் கிடைப்பது நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட். 10 ஜிபி போக ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். இரவில் ஓடும் பேக்கப்புக்கு இது ஒரு பொருட்டில்லை. உட்கார்ந்து வீடியோ எடிட் செய்பவருக்கு ஒத்துவராது.

7. 12க்கு இறக்குவது

480க்கும் கீழே போக வேண்டிய தேவை அபூர்வம். ஆய்வுக் கருவிகள், மின் இரைச்சல் அதிகமுள்ள பட்டறையில் இருக்கும் மெஷின்கள் போன்றவற்றுக்கு வரும். பழைய யுஎஸ்பி 1.1 ஹப் கிடைத்தால் அதுவே போதும், ஆனால் இப்போது கிடைப்பது கஷ்டம்.

நான் பயன்படுத்துவது யுஎஸ்பி ஐசொலேட்டர் போர்டு. ஏடியூஎம்3160 அல்லது ஏடியூஎம்4160 சிப் உள்ளவை 1.5, 12 இரண்டு வேகத்தை மட்டும்தான் கடத்தும். 480க்கான சைகை அதைத் தாண்டிப் போகாது, அதனால் கருவி 12இல் நிற்கும். கம்ப்யூட்டருக்கும் கருவிக்கும் இடையே மின் தொடர்பையும் அது துண்டித்துவிடுவதால் பட்டறை இரைச்சலுக்கும் நல்லது. போர்டில் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருந்தால் கருவிக்கு ஏற்றபடி வையுங்கள். தப்பாக வைத்தால் கருவி கண்ணிலேயே படாது.

மலிவான போர்டுகளில் மின்சாரம் கொடுக்கும் பகுதி 1 வாட்தான், அதாவது 200 மில்லிஆம்பியர். ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டவே கூடாது. பென் டிரைவை மாட்டினாலும் நொடிக்கு ஒரு மெகாபைட்தான் நகரும்.

8. கேபினட், பயாஸ் வழி

டெஸ்க்டாப்பில் முன்பக்க நீல போர்ட்டுகள் 19 பின் கேபிளால் மதர்போர்டில் மாட்டியிருக்கும். அதை 9 பின் யுஎஸ்பி 2 ஹெடருக்கு மாற்றும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. மாட்டினால் அந்த இரண்டு போர்ட்டும் நிரந்தரமாக 480. கடைகளில் யார் எதை எங்கே செருகுவார்கள் என்று சொல்ல முடியாத இடத்தில் இது நல்ல ஏற்பாடு. பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள், பின்னை வளைக்காமல் நேராக அழுத்துங்கள்.

பயாஸில் போவதற்கு முன் மதர்போர்டு எந்தக் காலத்தது என்று பாருங்கள். இன்டெல் 7, 8, 9 வரிசை சிப்செட்டுகளில், அதாவது 2012 முதல் 2014 வரை வந்த போர்டுகளில், யுஎஸ்பி 2க்கும் 3க்கும் தனித்தனி கன்ட்ரோலர்கள் (போர்ட்டுகளை நடத்தும் சிப்புகள்) உண்டு. அங்கே யுஎஸ்பி 3 கன்ட்ரோலரான எக்ஸ்எச்சிஐ என்பதை அணைத்தால் எல்லாப் போர்ட்டும் பழைய கன்ட்ரோலருக்குப் போய் 480இல் ஓடும். ஒரு கருவிக்கு மட்டும் என்று இல்லை, மெஷின் முழுவதற்கும்.

2015இல் வந்த 100 வரிசையில் பழைய கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிந்தைய போர்டில் எக்ஸ்எச்சிஐயை அணைக்க முடிந்து, அணைத்தும்விட்டால் கீபோர்டு, மவுஸ் எல்லாமே செத்துவிடும். யுஎஸ்பி கீபோர்டால் திரும்ப பயாஸுக்குள் போகவே முடியாது. பிஎஸ்2 கீபோர்டு வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். அதற்கான ஓட்டையும் இல்லாத மெஷின் என்றால் இந்தப் பக்கமே போக வேண்டாம். சில போர்டுகளில் போர்ட்டுக்குப் போர்ட் சூப்பர்ஸ்பீடை (5 ஜிகாபிட் பக்கத்தை) மட்டும் அணைக்கும் பட்டியல் இருக்கும். அது இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஒரு நேரத்தில் ஒரு போர்ட்டாக.

9. லினக்ஸில் ஒரே ஒரு போர்ட்டை இறக்குவது

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 6.0 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். டெபியன் 12, உபுன்டு 24.04 இரண்டிலும் இருக்கிறது. நாம் செய்யப் போவது, ஒரே ஓட்டையின் இரண்டு எண்களில் 5000 வரிசையில் உள்ளதை மட்டும் மூடுவது. 480 வரிசையில் உள்ளது திறந்தே இருக்கும்.

சிஸ், பஸ், யுஎஸ்பி, டிவைசஸ் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போங்கள். 3ஆம் படியின் பட்டியலில் 5000 வரிசை இரண்டாவது பஸ் என்று இருந்தால் 2-0:1.0 என்ற ஃபோல்டரும், அதற்குள் போர்ட் எண்ணோடு முடியும் ஃபோல்டர்களும் இருக்கும். உங்கள் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத் திறங்கள். உள்ளே 'பியர்' என்ற இணைப்பு இருந்தால், அது 480 வரிசையில் அதே ஓட்டைக்கான எண்ணைக் காட்டும். ஸ்டிக்கரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் நிறுத்திவிட்டு 4ஆம் படிக்குத் திரும்புங்கள்.

பொருந்தினால், கருவியை 'ரிமூவ்' செய்து கழற்றுங்கள். அதே ஃபோல்டரில் உள்ள 'டிசேபிள்' ஃபைலில் 1 என்று எழுதுங்கள். பிறகு கருவியைத் திரும்பச் செருகி வேகத்தைப் பாருங்கள். 480 என்று வர வேண்டும். 0 என்று எழுதினால் போர்ட் பழையபடி திறக்கும்.

எழுதும்போது எல்லோரும் மாட்டும் இடம் ஒன்று உண்டு. எழுத்தை வெளியிடும் எக்கோ கட்டளைக்கு முன்னால், நிர்வாகி (ரூட்) அதிகாரம் தரும் சூடோ போட்டு, > குறியால் ஃபைலுக்கு அனுப்புவார்கள். அனுமதி இல்லை என்று வரும். காரணம், சூடோ எக்கோவுக்கு மட்டும்தான் அதிகாரம் தருகிறது, ஃபைலைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். முழு ரூட் ஷெல்லுக்குள் போய் எழுதுங்கள், அல்லது எக்கோவின் வெளியீட்டை சூடோ போட்ட டீ கட்டளைக்கு அனுப்புங்கள்.

ரீபூட் ஆனால் இது போய்விடும். நிலையாக வேண்டும் என்றால் மெஷின் தொடங்கும்போது ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி வைக்கலாம். ஆனால் கையால் செய்து நாலு நாள் ஒழுங்காக ஓடிய பிறகு எழுதுங்கள்.

இன்னும் பழைய மெஷின், 480க்கும் 12க்கும் தனித்தனி கன்ட்ரோலர் இருந்த காலத்தது என்றால், 480க்கான இஎச்சிஐ கன்ட்ரோலரின் பிசிஐ ஃபோல்டரில் 'கம்பானியன்' என்ற ஃபைல் இருக்கும். அதில் போர்ட் எண்ணை எழுதினால் அந்த போர்ட் 12க்கு இறங்கும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு எழுதினால் திரும்ப ஏறும். புதியவற்றில் இந்த வழி கிடையாது.

விண்டோஸில் ஒரு போர்ட்டை மட்டும் இறக்க இதற்கு இணையான வசதி இல்லை. டிவைஸ் மேனேஜரில் கன்ட்ரோலரையே டிசேபிள் செய்யப் போய், கீபோர்டும் மவுஸும் ஒன்றாகப் போன மெஷின்கள் எங்கள் கடைக்கு வருகின்றன. விண்டோஸ் என்றால் 6ஆம் படியோடு நில்லுங்கள்.

10. ஏற வேண்டியது ஏறாவிட்டால்

கருவி, கேபிள், ஹப், போர்ட் நான்கில் எது குறைவோ அதுதான் மொத்த வேகம். மேலே போகாத கருவியை நடுவில் எதுவும் இல்லாமல் மெஷினின் பின்பக்கப் போர்ட்டில், அதனோடு வந்த கேபிளிலேயே, ஒரே அழுத்தில் செருகிப் பாருங்கள். ஏறிவிட்டால், எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் இறங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய கடைகளிலிருந்து வரும் மெஷின்களில் போர்ட்டுக்குள் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. டார்ச் அடித்து உள்ளே நாக்கின் நுனியைப் பாருங்கள். யுஎஸ்பி 3இன் ஐந்து பட்டைகளும் நுனியில்தான் இருக்கின்றன, காற்றும் அழுக்கும் முதலில் படுவது அங்கேதான். பின்னால் இருக்கும் பழைய நான்கும் நன்றாக இருப்பதால் கருவி 480இல் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. மெஷினை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகு செருகுங்கள். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், மேலே இருக்கும் முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்கே திரும்பப் பூக்கும்.

11. சரிபார்த்து ஒட்டி வையுங்கள்

மாற்றிய பிறகு மெஷினை முழுவதும் அணைத்துப் போட்டு வேகத்தை மறுபடி பாருங்கள் (9ஆம் படியில் கையால் மட்டும் எழுதியிருந்தால் அணைக்காமலே பாருங்கள், அது ரீபூட்டில் போய்விடும்). 3ஆம் படியில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். மாற்ற நினைத்த கருவி மட்டும் மாறியிருக்க வேண்டும், மற்றதெல்லாம் பழைய எண்ணிலேயே இருக்க வேண்டும். பிறகு அந்தக் கருவியை வேலை நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் ஓட்டுங்கள். பேக்கப் என்றால் ஒரு முழு பேக்கப்.

வேண்டுமென்றே இறக்கிய கேபிளில் '480, மாற்றாதே' என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எம்.சி. ரோடு கடையில் நான் அதை விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பையன் 'பழைய கேபிளாச்சே' என்று டிஸ்க்கோடு வந்த அகலமான கேபிளை மாற்றிவிட்டான். அன்றிரவு பேக்கப் ஓடும்போது முதலாளி போன் செய்தார்: "தம்பி, ஸ்கேனர் மறுபடியும் விட்டு விட்டு அடிக்குதே." இப்போது அந்த மைக்ரோ கேபிளின் இரண்டு முனையிலும் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கிறது.